வயலைத் தடவிப் பார்க்கும் ரேடார்

அவையில் கூடியிருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ மாணவியருக்கும் என் வணக்கம்.

திரையில் இருக்கும் இந்தப் படத்தைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். பச்சையும் நீலமும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. இது நெதர்லாந்து நாட்டின் ஃபிளெவோலாந்து. 1989ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நாசாவின் டிசி-8 விமானம் ஏர்சார் என்னும் ரேடாரைச் சுமந்துகொண்டு இந்த வயல்களுக்கு மேலே பறந்தபோது பதிவானது. ரேடாரைக் கொண்டு பயிரை அடையாளம் காணும் ஆய்வுகளில் இந்த அளவுக்குத் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்ட படங்கள் வெகு சிலவே.

இந்த நிலம் ஒரு காலத்தில் கடலடி. 1932இல் பேரணை கட்டிக் கடலை மறித்தார்கள். பிறகு நீரை இறைத்து, கிழக்குப் பகுதியை 1957இலும் தெற்குப் பகுதியை 1968இலும் தரையாக்கினார்கள். அதனால்தான் மேடு பள்ளமே இல்லை. வயல்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல் இருக்கின்றன. மலைச்சரிவில் ரேடார் படம் மடங்கும், நிழல் விழும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. பயிருக்கும் அலைக்கும் என்ன உறவு என்பதை மட்டும் படிக்க இதைவிடத் தோதான பூமி வேண்டுமா?

பச்சை நிறத்தைப் பார்த்ததும் அது பயிரின் நிறம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த நிறங்கள் நாம் பூசியவை. ரேடாருக்கு நிறமே தெரியாது. அது தானே நுண்ணலையைப் பக்கவாட்டில் அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்கிறது. வெயில் தேவையில்லை, மேகம் தடையில்லை. 1967இல் பனாமாவின் டாரியன் காட்டையும், 1971 முதல் பிரேசிலின் அமேசான் படுகையையும் விமான ரேடார் கொண்டு படமெடுத்ததற்கு, அங்கே மேகம் விலகாததே காரணம்.

என்னைக் கேட்டால், ரேடார் வயலைப் பார்ப்பதில்லை, தடவிப் பார்க்கிறது என்பேன். ஏர்சாருக்கு மூன்று அலைநீளங்கள். சி பட்டை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர், எல் பட்டை 24, பி பட்டை 68. குட்டை அலை மேலிலையிலேயே தங்கிவிடும். நீண்ட அலை இலைகளைக் கடந்து தண்டையும் மண்ணையும் தொடும். கோதுமை வயலை நினைத்துப் பாருங்கள். சீப்பின் பற்களைப் போலத் தாள்கள் செங்குத்தாக நிற்கின்றன. செங்குத்தாக அதிரும் அலையை அவை விழுங்குகின்றன. கிடையாக அதிரும் அலை இடையில் நுழைந்து மண் வரை போய்த் திரும்புகிறது. உருளைக்கிழங்கு வயலில் கதையே வேறு. அங்கே இலைகள் எல்லாத் திசையிலும் விரிந்து கிடப்பதால் அலை உள்ளே பலமுறை மோதிச் சிதறுகிறது. கிடையாகப் போனதில் ஒரு பங்கு செங்குத்தாகத் திரும்புகிறது. அந்தப் பங்குக்குத்தான் படத்தில் பச்சை பூசுகிறோம். தண்ணீர் கட்டிய நெல் வயலில் அலை நீரில் பட்டு, தூரில் பட்டு, இரட்டை மோதலாகத் திரும்பும். அது சிவப்பு.

இப்படிச் சொன்னால் எல்லாம் எளிது போலத் தோன்றும். ஆனால் நடவு வரிசை விமானத்தின் பார்வைக்குக் குறுக்கே அமைந்தால் அந்த வயல் மட்டும் பளிச்சென்று ஒளிரும். பக்கத்து வயலிலும் அதே பயிர்தான், வரிசை மட்டும் வேறு திசை. அது மங்கிக் கிடக்கும். முந்தைய இரவு பெய்த மழை மண்ணை மினுக்கிக் காட்டும். விமானத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அது தாழப் பறப்பதால் அருகிலுள்ள வயலைச் செங்குத்தாகவும் தொலைவிலுள்ள வயலைச் சாய்வாகவும் பார்க்கிறது. ஒரே கோதுமை இரண்டு விதமாகப் பதிவாகிறது. போதாக்குறைக்குப் படம் முழுவதும் உப்பும் மிளகும் தூவியது போல் புள்ளிகள். புள்ளி புள்ளியாகப் பயிருக்குப் பெயர் வைத்தால் தவறிவிடுவோம். வயல் முழுவதையும் ஒன்றாக எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஃபிளெவோலாந்து படத்துக்கு ஆய்வாளர்கள் பெரிதும் கையாளும் பட்டியலில் 15 வகுப்புகள் உண்டு. பீன்ஸ், பட்டாணி, குதிரை மசால், பார்லி, சர்க்கரை பீட்ரூட் என்று வரிசை போகும். அதில் கோதுமை மட்டும் மூன்று முறை வருகிறது. முதன்முதலில் பார்த்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். பிழை இல்லை. உழவருக்கு ஒரே பயிராக இருப்பது ரேடாருக்கு மூன்று பொருளாகத் தெரியலாம். கதிர் முற்றியதா, சாய்ந்ததா, அறுத்துத் தாள் மட்டும் நிற்கிறதா என்பதை வயலில் நின்றவரால்தான் சொல்ல முடியும். எந்தத் துண்டில் எந்தப் பயிர் என்று அன்று எழுதிவைத்த கள விவரம் இல்லாவிட்டால் இது வெறும் வண்ணத் துணிதான். கணினி முறைகளை வியந்து எழுதுகிறவர்கள் வயல் வயலாக நடந்து செய்த அந்தக் களப்பணிக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

நமக்கும் இந்த வேலை வந்து சேர்ந்துவிட்டது. எல், எஸ் பட்டைகளில் இயங்கும் ரேடாரை இஸ்ரோ முதலில் விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டது. அதே பட்டைகளைச் சுமந்த நிசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலுக்கு மேலே மேகம் மூடியிருக்கும்போதும் அது நம் நெல்லைத் தடவிப் பார்க்கும்.

மாணவர்களே, நிசார் நம் பக்கம் கடந்து போகும் நாட்களில் வயலுக்குப் போங்கள். ஒரு நோட்டும் அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டு எத்தனை நாள், பயிரின் உயரம் எவ்வளவு, வயலில் எத்தனை விரற்கடை தண்ணீர், வரிசை எந்தத் திசை என்று குறித்து வாருங்கள். வரப்பில் நிற்கும் உழவரிடம் என்ன ரகம் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.