சிப்பிக்கும் பதற்றம் உண்டு

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

தென்மேற்குப் பருவம் அடங்கி, கடல் தெளிந்துவிட்டால் நம் குமரிக் கடற்கரையில் சிப்பிக் காலம். கடியப்பட்டணம், குளச்சல், இனயம், அப்புறம் கேரள எல்லை தாண்டி விழிஞ்ஞம் வரை ஆட்கள் பாறைக்கு முங்கி, ஒட்டியிருக்கும் சிப்பியைப் பெயர்த்து, வலைப்பையில் சேர்த்து மேலே வருகிறார்கள். கொல்லம் முதல் கன்னியாகுமரி வரை பாறைகளில் பெரும்பாலும் பழுப்புச் சிப்பி. வடகேரளத்தார் கல்லுமக்காய் என்று கயிற்றில் வளர்ப்பது பச்சைச் சிப்பி. எதுவானாலும் சாக்கில் அடைத்து, வண்டியில் ஏற்றி, குண்டுகுழியெல்லாம் குலுங்கிச் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். "அதுக்கு என்ன சாரே தெரியும், ஓட்டை மூடிக் கிடக்கும்" என்பார்கள். அதற்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சிப்பிக்கு மூளை கிடையாது. வாயருகே ஒரு ஜோடி, காலருகே ஒரு ஜோடி, ஓட்டை மூடும் பின்தசையருகே ஒரு ஜோடி என்று நரம்பு முடிச்சுகள் உண்டு. நம் நரம்புகள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் அதே வேதிப்பொருள்கள்தான் அங்கேயும்: நார்அட்ரினலின், டோபமைன், அசிட்டைல்கோலின், செரோடோனின். பயந்தால் நமக்கு நெஞ்சு படபடக்கிறதே, அப்போது நம் நரம்பு நுனிகளில் சுரக்கும் நார்அட்ரினலின் ஓட்டுக்குள் இருக்கும் இந்த உயிரிடமும் இருக்கிறது.

அதன் நோய் எதிர்ப்பு எப்படி என்றால், தடுப்பூசி போட்டால் நம் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் சிப்பிக்குச் சுத்தமாக இல்லை. மணிக்கு லிட்டர் கணக்கில் கடல்நீரைச் சலித்துத் தின்கிற உயிர் அது. தண்ணீரில் உள்ள பாக்டீரியா எல்லாம் உடம்புக்குள் வந்துதான் போகும். காவலுக்கு இருப்பவை பெரும்பாலும் இரத்த அணுக்கள்தான். பின்தசையில் மெல்லிய ஊசியைச் செலுத்தி ஒரு சொட்டு எடுத்தால், சிவப்பே இல்லாத, தண்ணீர் போன்ற திரவம் வரும். அதைக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். உருண்டையாக இருந்த அணுக்கள் கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு படரும். கை நீட்டுவதுபோல் ஓரங்களை நீட்டும். பக்கத்தில் ஈஸ்ட் துகள்களைப் போட்டால் வளைத்து விழுங்கும். எத்தனை அணு எத்தனை துகளை விழுங்கியது என்று எண்ணிவிடலாம். இந்தக் காட்சியை முதன்முதலாகப் பார்க்கும் மாணவர்கள் தகட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

அந்த அணுக்களின் மேல்தோலில் நார்அட்ரினலினை ஏற்கும் வாங்கிகள் இருக்கின்றன. அது வந்து ஒட்டினால், அணுவுக்குள் செய்தி கடத்தும் சுழற்சி ஏஎம்பி என்னும் பொருள் கூடும். விழுங்கும் வேகம் குறையும். கிருமியைக் கொல்ல அணு உண்டாக்கும் ஆக்சிஜன் நச்சுகளும் குறையும். இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர்கள் கொடுக்கிற புரோப்ரனலால் மாத்திரையை நம்மில் சிலர் சாப்பிடுகிறோம். அந்த மருந்தையே சிப்பி அணுவுக்குக் கொடுத்தால் நார்அட்ரினலின் போட்ட தடை விலகிவிடுகிறது. நம் இதயத்தில் அது அடைக்கும் வாங்கியும் இங்கே அடைக்கும் வாங்கியும் ஒரே குடும்பம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன இரண்டு உயிர்களிடம் இத்தனை ஒற்றுமை இருப்பது எனக்கு இன்றும் பெரிய அதிசயம்.

2001ஆம் ஆண்டையொட்டி பிரான்சில் பசிபிக் ஆளிகளை (ஆளியும் ஒருவகைச் சிப்பிதான்) வைத்துச் செய்த ஆய்வுகளை அவசியம் சொல்ல வேண்டும். ஆளிகளை 15 நிமிடம் குலுக்கினார்கள், அவ்வளவுதான். இரத்தத்தில் நார்அட்ரினலினும் டோபமைனும் ஏறின. குலுக்கும்போதே அணுக்களின் வேலை இறங்கியது. நிறுத்திய பிறகு சிறிது நேரம் வழக்கத்தைவிட வேகமாக இயங்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பின. இதோடு விடவில்லை. குஞ்சு ஆளிகளை இப்படித் தொந்தரவு செய்துவிட்டு விப்ரியோ கிருமியைச் செலுத்தியபோது, தொந்தரவு செய்யாதவற்றைவிட அதிகமாகச் செத்தன. குலுக்காமல் நார்அட்ரினலினை மட்டும் முன்கூட்டியே ஏற்றினாலும் அதே கதிதான். ஆகவே, குலுக்கலால் ஏற்பட்ட காயம் அவற்றைக் கொல்லவில்லை. பதற்றத்தில் சுரந்த பொருள் காவலைத் தளர்த்தியது. வளர்ப்பு இறாலுக்கும் இப்படி நார்அட்ரினலினோ டோபமைனோ ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் அணுக்கள் குறைந்தன, நோய் எளிதாகப் பற்றியது.

நரம்புப் பொருள்கள் எல்லாம் எதிர்ப்பைக் கெடுப்பவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிருமி நுழைந்ததும் முதலில் என்கெஃபலின் என்னும் இன்னொரு நரம்புப் பொருள் அணுக்களைத் தூண்டிவிடுகிறது. போராட்டம் அளவு மீறித் தன் திசுவையே சேதப்படுத்தாமல் இருக்க, பிறகு அசிட்டைல்கோலின் அடக்குகிறது. நம் உடம்பில் மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு அழற்சியைத் தணிப்பதும் அசிட்டைல்கோலினால்தான். இந்தப் பொருள்களில் சிலவற்றை இரத்த அணுக்களே தயாரிக்கவும் செய்கின்றன. நரம்புக்கும் அணுவுக்கும் இருபக்கப் பேச்சு நடக்கிறது.

சரி, இதனால் நம் ஊர்க்காரருக்கு என்ன? பாறையிலிருந்து சிப்பிக் குஞ்சைப் பெயர்த்துக் கயிற்றில் கட்டி வளர்க்கிறவர்களுக்கு இது நேரடியாகப் பணம். கடலில் இறக்கின சில நாளில் குஞ்சு செத்தால் "விதை சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். வந்த வழியையும் பார்க்க வேண்டும். விடியலில் எடுங்கள், ஈரச் சாக்கால் மூடுங்கள், நிழலில் வையுங்கள், மூட்டை மேல் மூட்டை அடுக்காதீர்கள். கொண்டுவந்ததும் கடலில் தள்ளாமல் நல்ல கடல்நீரில் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். சமையலுக்கு வாங்குகிறவர்கள், தட்டினாலும் வாய் மூடாத சிப்பியை ஒதுக்கிவிட்டு, மற்றதை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

எல்லையின் இருபக்கமும் விலங்கியல் படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். ஒரே பாறையில் எடுத்த சிப்பியில் பாதியைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் கொண்டுவாருங்கள். மீதியை ஈரத்துணியில் அலுங்காமல் எடுத்துவாருங்கள். இரண்டிலும் ஒரு சொட்டு எடுத்து, ஈஸ்ட் போட்டு எண்ணுங்கள். ஊசி, கண்ணாடித் தகடு, நுண்ணோக்கி போதும். எண்ணிக்கை கையில் வந்ததும் முதலில் கடற்கரைக்குப் போய், முங்கி எடுக்கிறவர்களிடம் காட்டுங்கள்.

வணக்கம்.