கேட்பதற்கு ஓர் அறை

தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, தள்ளாத வயதிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, எந்தக் கூட்டத்துக்கும் முகம் சுளிக்காமல் அறையைத் திறந்துவிடும் நூலகர் அம்மா அவர்களே, மைக் செட் தம்பி, அனைவருக்கும் வணக்கம். கவுன்சிலர் ஐயா வழியில் இருக்கிறாராம். அவருக்கும் முன்கூட்டியே ஒரு வணக்கம்.

இன்று ஜனவரி 27. 1945இல் இதே நாளில்தான் சோவியத் படை, ஹிட்லரின் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குள் நுழைந்தது. அங்கே மட்டும் சுமார் 11 லட்சம் பேரைக் கொன்றிருந்தார்கள், பெரும்பாலோர் யூதர்கள். பிழைத்தவர்களின் வாக்குமூலங்களை ஏன் காதால் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று இரண்டு விஷயம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன்.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.’ நான் எந்த மேடையிலும் விடாத பழமொழி. இன்றைக்கு அதற்கே ஒரு சோதனை.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1979இல் தொடங்கி, பிறகு யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன, பிழைத்தவர்கள் பேசிய ஒளிப்பதிவுத் தொகுப்பு ஒன்று உண்டு. தொடங்கியவர்களில் ஒருவர் டோரி லாப் என்ற மனநல மருத்துவர். சிறுவயதில் தாமே நாடுகடத்தப்பட்டவர். அவர் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியிருக்கிறார். அறுபதுகளின் கடைசியில் இருந்த அந்த அம்மா, தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல் சொல்லிக்கொண்டு வந்தாராம். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கைதிகள் கலகம் செய்த கட்டம் வந்ததும் குரலே மாறிவிட்டது. பிணம் எரிக்கும் கூடங்களின் நான்கு புகைபோக்கிகள் வெடித்தன, நெருப்பு வானத்துக்கு எழும்பியது, ஜனங்கள் ஓடினார்கள் என்று படபடவென்று கொட்டுகிறார். கொட்டி முடித்ததும் மறுபடி பழைய முணுமுணுப்பு.

பல மாதம் கழித்து ஒரு கருத்தரங்கில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். வரலாற்று அறிஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். வெடித்தது ஒன்றுதான், நான்கு அல்ல! எண்ணிக்கையே தப்பு, மற்றதை எப்படி நம்புவது? இனப்படுகொலையே நடக்கவில்லை என்பவன் இதை வைத்தே ஆடுவானே? நியாயமான பயம்தான். லாப் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா புகைபோக்கி எண்ண வரவில்லை; எதிர்ப்பு என்பதே நடக்காது என்றிருந்த இடத்தில் அது நடந்ததைக் கண்டவர் என்றார்.

அச்சில் படித்தால் நமக்கும் நான்கா ஒன்றா என்பதுதான் கண்ணை உறுத்தும். தீர விசாரிப்பதே மெய், சரி. குரல் ஏறி இறங்கியதையும் சேர்த்து விசாரிக்க வேண்டாமா? இதை நானும் எழுத்தில்தான் படித்தேன் என்பது வேறு விஷயம்.

தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷோவா அறக்கட்டளையில் (ஷோவா என்றால் யூத இனப்படுகொலைக்கு எபிரேயப் பெயர்) இப்படிப்பட்ட வாக்குமூலப் பதிவுகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒரு பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் பல பதிவுகள் இரண்டு மணி நேரம் ஓடும். சீரியல் சத்தத்துக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே யார் கேட்பது? அதனால்தான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்: நூலகத்தில் ஒரு கேட்பறை வேண்டும். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஒரு கணினி, நான்கு ஹெட்போன், பழைய நாளிதழ் அடுக்கியிருக்கும் மாடி அறை போதும். தமிழில் வசன வரி போட நம் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரோடு நூலக உறுப்பினர் எண்ணையும் எழுதுங்கள். எண் இல்லாத கையெழுத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வணக்கம்.