நேற்று பறந்த புரோகிராம் இன்று ஏன் தவழ்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஹாஸ்கெல் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: "ஒரே ஒரு வரிதான் மாற்றினேன். விடை சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஓடும் நேரம் பல மடங்காகிவிட்டது." பழி உடனே, நாம் எழுதுவதை இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் தலையில் விழும். பெரும்பாலும் அது தன் விதிப்படிதான் நடந்திருக்கும். அந்த விதி பொருந்தாதபடி நம் வரி மாறியிருக்கும்.

முதலில் சில்லறைக் காரணங்களைத் தள்ளிவிடுவோம். ஹாஸ்கெலுக்கான ஜி.எச்.சி கம்பைலரை நேரடியாக அழைத்தால் ஆப்டிமைசேஷன், அதாவது வேகப்படுத்தும் வேலை, இருக்காது. கபால் என்ற கட்டுமானக் கருவி வழியாகப் போனால் அதன் முதல் நிலை தானாகச் சேரும். தட்டத் தட்ட விடை சொல்லும் ஜி.எச்.சி.ஐ சாதாரணமாகப் பைட்கோடு என்ற மெதுவான இடைவடிவத்தைத்தான் ஓட்டும், அங்கே நேரம் அளப்பது வீண் வேலை. "எனக்கு வேகம், உனக்கு மந்தம்" என்ற சண்டைகள் பல இங்கேயே தீர்ந்துவிடும்.

இனி உண்மையான சிக்கல். வானொலியில் புரோகிராம் வரிகளைக் காட்ட முடியாது, வாயால் சொல்கிறேன். ஒரு பட்டியலை வடிகட்டுகிறோம், ஒவ்வொரு எண்ணையும் இரட்டிக்கிறோம், கூட்டுகிறோம். எழுத்தில் மூன்று படி. ஜி.எச்.சி இடைப்பட்டியல்களை உருவாக்காமலே மூன்றையும் ஒரே சுழற்சியாக்கிவிடும். இதற்கு ஃப்யூஷன் என்று பெயர். கில், லாஞ்ச்பரி, பெய்ட்டன் ஜோன்ஸ் மூவரும் 1993-இல் சொன்ன வழிதான் இன்றும் இதற்கு அடிப்படை.

இப்போது கூட்டுத்தொகையோடு சராசரியும் வேண்டும் என்கிறார்கள். அதே பட்டியலை ஒருமுறை கூட்டி, இன்னொரு முறை நீளம் எண்ணி வகுக்கிறீர்கள். போச்சு! பட்டியலை இரண்டு பேர் கேட்பதால் அது முழுசாக உருவாக வேண்டும். கூட்டி முடித்த எண்களும் நீளம் எண்ணி முடியும்வரை நினைவகத்திலேயே கிடக்க வேண்டும். பத்து லட்சம் எண் என்றால் பத்து லட்சமும். தொகையையும் எண்ணிக்கையையும் ஒரே நடையில், இரண்டையும் உடனுக்குடன் கணக்கிட்டபடி கொண்டுபோனால் சிக்கல் தீரும்.

இன்னொரு வகை, ஃபங்ஷனை வேறு மாட்யூலுக்கு, அதாவது புரோகிராமின் வேறு கோப்புக்கு, நகர்த்தியதும் வருவது. "எந்த எண் வகைக்கும் பொருந்தும்" என்று எழுதிய ஃபங்ஷன், அழைப்பவர் பக்கத்திலேயே இருந்தவரை இன்ட் என்ற முழு எண் வகைக்கென்று தனிப் பிரதி பெற்றிருக்கும். மாட்யூல் மாறியதும் அதன் உடல் அழைப்பவருக்குத் தெரியாமல் போகலாம். பிறகு ஒவ்வொரு கூட்டலும், அந்த வகையை எப்படிக் கூட்டுவது என்று சொல்லும் டிக்ஷனரி வழியாகச் சுற்றிப் போகும். உடலை வெளியே தெரியவிடும் இன்லைனபிள் என்று ஒரு குறிப்பு போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

ஒரு வடிவத்தை வேறொன்றாக மாற்றச் சொல்லி நீங்களே எழுதிய ரீரைட் விதி ஒருமுறை வேலை செய்து மறுமுறை செய்யாவிட்டால், வரிசையைச் சந்தேகியுங்கள். கம்பைலரில் புரோகிராமை எளிமையாக்கும் பகுதியான சிம்ப்ளிஃபையரின் கட்டங்கள் 2, 1, 0 என்று இறங்கும். விதி தேடும் ஃபங்ஷன் அதற்கு முன்பே இன்லைன் ஆகி, அதாவது அழைத்த இடத்திலேயே உடலாக விரிந்து, மறைந்துவிட்டால் விதிக்குப் பொருந்த எதுவும் மிஞ்சாது. அந்த ஃபங்ஷனுக்கு, இன்ன கட்டம்வரை காத்திரு என்று எண்ணோடு நோஇன்லைன் எழுதலாம்.

கடிகாரத்தை மட்டும் பார்த்து ஊகிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கம்பைலருக்கு டம்ப்-ரூல்-ஃபயரிங்ஸ் என்ற கட்டளை கொடுத்தால் எந்த விதி பாய்ந்தது என்று தெரியும். டம்ப்-சிம்ப்ல் கொடுத்தால், கம்பைலர் உள்ளே வைத்திருக்கும் கோர் வடிவம் முழுவதும் கொட்டும். தேவையற்ற விவரங்களை மறைக்கும் சப்ரஸ்-ஆல் சேர்க்காமல் படிக்கப் போகாதீர்கள், கண் பூத்துவிடும். அதில் உள் சுழற்சியை மட்டும் பாருங்கள். லெட் வந்தால் பெரும்பாலும் நினைவகம் ஒதுக்கப்படுகிறது. கேஸ் என்றால் மதிப்பிடுகிறது. டாலர், எஃப் என்று தொடங்கும் பெயர் ஒன்று ஆர்குமென்ட்டாகப் போனால், அதுதான் தப்பிவந்த டிக்ஷனரி.

ஸ்காலா என்ற இன்னொரு மொழியில் டெயில்ரெக் என்று குறித்தால், சுழற்சியாக்க முடியாத ஃபங்ஷன் கம்பைலே ஆகாது. ஹாஸ்கெலில் அந்தக் கண்டிப்புக்கு யோவாகிம் பிரைட்னர் எழுதிய இன்ஸ்பெக்ஷன் டெஸ்டிங் என்ற கருவி இருக்கிறது. கோரில் டிக்ஷனரி இருக்கக் கூடாது என்று எழுதிவைத்தால் கம்பைல் நேரத்திலேயே சோதிக்கும். வேகம் முக்கியமான லைப்ரரி எழுதுகிறவர்கள் இதை முதல் நாளே சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாக, பிழை அறிக்கைக்காகப் புரோகிராமைச் சுருக்கும்போது ஒரு எச்சரிக்கை. சுருங்கிய ஃபங்ஷன் இன்லைன் ஆகி, நோயே மறைந்துபோகலாம். அப்படி மறைந்தால் அதற்கு நோஇன்லைன் போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். மந்தம் திரும்பி வந்தால், அந்த வடிவத்தையே அனுப்புங்கள்.