ஏழை மாநிலத்துக்கு ஆராய்ச்சி எதற்கு?

அவைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே,

பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகும்போது பல்கலைக்கழகத்துக்கு ஆய்வகம் கட்டுவது நியாயமா என்ற கேள்வியைத்தான் இன்று எனக்குத் தந்திருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர்களைக் கல்வியின் பகைவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. நிலமற்ற கூலித் தொழிலாளி வாங்கும் தீப்பெட்டி வரையில் எல்லாவற்றிலும் வரி இருக்கிறது; அந்த வரிப்பணத்தில் படித்து வெளியேறும் மருத்துவரும் பொறியாளரும் பெரும்பாலும் அந்தத் தொழிலாளியின் பிள்ளைகள் அல்லர். 1980களில் உலக வங்கியின் பொருளாதாரவாதிகள் இதையே கணக்காகப் போட்டார்கள். தொடக்கக் கல்வியில் இடும் ஒரு ரூபாய் சமூகத்துக்குத் தரும் பலன், உயர்கல்வியில் இடும் ரூபாயின் பலனைவிட அதிகம். ஆகவே ஏழை நாடுகள் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மானியத்தைக் குறைத்து, அங்கே கட்டணம் வசூலித்து, மிச்சமாகும் பணத்தைத் தொடக்கப் பள்ளிக்குத் திருப்ப வேண்டும் என்றார்கள். கடனில் மூழ்கியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் பல்கலைக்கழகங்கள் அந்தப் பத்தாண்டுகளில் நூலகத்துக்குப் புதிய இதழ் வாங்கவும் வழியின்றி நலிந்தன.

அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. பட்டதாரி வாங்கும் சம்பளத்தைக் கொண்டே உயர்கல்வியின் பலனை அது பெரிதும் அளந்தது. ஒரு கண்டுபிடிப்பினால் பயனடையும் லட்சக்கணக்கானோர் யாருடைய சம்பளப் பட்டியலிலும் வருவதில்லை. 2000ஆம் ஆண்டில் உலக வங்கியும் யுனெஸ்கோவும் சேர்ந்து கூட்டிய பணிக்குழுவே அந்தக் கணக்கு குறுகியது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அறிக்கைகளை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க நான் விரும்பவில்லை. நம் கண்முன் இருக்கும் ஊரிலிருந்து ஒரு சான்றைச் சொல்கிறேன்.

1956ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சென்னை மாநிலம் அப்போது வளமான மாநிலம் அன்று. அந்த ஆண்டில்தான் காமராசர் அரசு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்றும் தொடங்கப்பட்டது. பசித்த பிள்ளைக்குச் சோறா, ஆய்வகமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அந்த மாநிலத்தை யாரும் கட்டாயப்படுத்தவில்லை; கட்டாயப்படுத்தியிருந்தால் ஆய்வகம்தான் போயிருக்கும், உலகம் முழுவதும் அதற்காக இழப்படைந்திருக்கும்.

அன்றைய மருத்துவ நம்பிக்கை என்னவென்று இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காசநோயாளி நல்ல காற்றோட்டமுள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், பால், முட்டை, இறைச்சி என்று சத்துணவு உண்ண வேண்டும், குடும்பத்தாரிடமிருந்து விலகியிருக்க வேண்டும். தாம்பரத்துக்குப் போகும் ரயிலில் சானடோரியம் என்றொரு நிலையம் இன்னும் இருக்கிறதே, அந்தக் காலத்தின் மிச்சம் அது. இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கையோ பல லட்சம். படுக்கைகள் மிகச் சொற்பம். சானடோரியம்தான் ஒரே வழி என்றால், பெரும்பாலோருக்கு வழியே இல்லை என்று பொருள்.

ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற மருந்துகள் அப்போது வந்துவிட்டிருந்தன. மருந்து வேலை செய்கிறது என்றால் படுக்கையும் பாலும் எதற்கு என்ற கேள்வியைச் சென்னை மையம் எடுத்துக்கொண்டது. நகரத்தின் ஏழை மக்கள் வாழும் நெருக்கடியான குடியிருப்புகளிலிருந்து வந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குச் சென்றார்கள். மறு பிரிவினர் தங்கள் வீட்டிலேயே இருந்து, ஓராண்டு அதே மருந்துகளைச் சாப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களின் உணவு மிகவும் மோசமானது, ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் சிகிச்சையின் முடிவு சானடோரியத்தில் கிடைத்த முடிவுக்கு ஏறக்குறைய நிகராக இருந்தது. வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நோய் கூடுதலாகப் பரவியதா என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். வீட்டுச் சிகிச்சையால் அந்த ஆபத்து கூடவில்லை. 1959இல் இந்த முடிவு உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. தொடர்ந்து, வாரத்துக்கு இருமுறை மேற்பார்வையில் மருந்து தந்தாலே போதும் என்பதையும் அதே மையம் காட்டியது. இன்று சுகாதாரப் பணியாளர் எதிரில் நோயாளி மாத்திரை விழுங்கும் நடைமுறைக்கு அந்த ஆய்வும் ஒரு வேர். பணக்கார நாடுகளும் இந்தப் பாடத்தைக் கற்றுத் தங்கள் சானடோரியங்களை மூடின.

நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கேள்வியை லண்டனிலோ நியூயார்க்கிலோ யாரும் அவசரமாகக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அங்கே படுக்கைகள் இருந்தன, நோயும் குறைந்துகொண்டிருந்தது. படுக்கை இல்லாத ஊருக்குத்தான் அந்தக் கேள்வி தேவைப்பட்டது. ஏழைப் பகுதியின் கேள்விகளைப் பிறர் தேடிவந்து கேட்க மாட்டார்கள். விடையை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பவர்கள், கேள்வி எழுதப்படாத இடத்தில் விடை விற்பனைக்கு வராது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த மையத்துக்கு வெளிநாட்டுப் பணமும் வந்ததே என்று நீங்கள் கேட்கலாம். வந்தது உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு ஆகிய நான்கும் கைகோத்தன. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் ஆங்கிலேயர். ஆனால் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைக் கண்காணிக்கச் செவிலியரும், சளி மாதிரிகளைப் பிழையின்றிப் பரிசோதிக்கப் பயின்றவர்களும், தமிழில் பேசி நோயாளியின் நம்பிக்கையைப் பெறும் மருத்துவர்களும் இல்லாத ஊரில் அந்தப் பணம் இறங்கியிருக்காது. 1835 முதல் இங்கே ஒரு மருத்துவக் கல்லூரி இருந்தது என்பதை அந்த நான்கு நிறுவனங்களின் பெயர்களோடு ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே கடினமாகத் தோன்றும் சிக்கல். ஆராய்ச்சியின் பலன் எல்லையில் நிற்பதில்லை. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியதற்குக் காரணம், அங்கே கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் என்பதே. அங்கே பார்பர், வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள் நாட்டுக் கரும்பைக் காட்டு நாணல் இனத்தோடு கலந்து உருவாக்கிய கோ 205 என்ற வகை 1918இல் வெளிவந்தது. அது கொழித்தது பஞ்சாபில். இப்படி உழைப்பு இங்கே, விளைச்சல் அங்கே என்றால், மாநில நிதியமைச்சர் எதற்குச் செலவிட வேண்டும்? நேர்மையான பதில், அவர் ஒருவரே முழுச் செலவையும் ஏற்கக் கூடாது என்பதுதான். பலன் நாடு முழுவதும் பரவும் ஆய்வுக்கு மத்திய அரசும் பங்கு தர வேண்டும். அந்தப் பங்கைக் கேட்டு வாங்கும் தகுதி, தன் பங்கை ஏற்கெனவே வைத்திருக்கும் மாநிலத்துக்குத்தான் வரும்.

தோல் தொழிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் தோல் பதனிடுவோர் ஆவாரம் பட்டையில் பாதியளவே பதனிட்ட தோலை, அதாவது பாதித் தோலை, மலிவாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. லாபமெல்லாம் அதைச் செருப்பாகவும் பையாகவும் மாற்றிய நாடுகளுக்குப் போயிற்று. 1948இல் அடையாற்றில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், குறிப்பாக நாயுடம்மா இயக்குநராக இருந்த ஆண்டுகளில், ஆய்வாளர்களைத் தோல் தொட்டிகளின் அருகே கொண்டுபோய் நிறுத்தியது. 1970களில் மத்திய அரசு பாதித் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, முழுமையாக்கிய தோலுக்கு மாறும் அறிவு இங்கே ஏற்கெனவே இருந்தது. இதே தொழில் பாலாற்றின் தண்ணீரை என்ன செய்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தலையிடும் நிலை வந்தது. ஏற்றுமதிக்கான கேள்வியை முதலிலும், கழிவுநீருக்கான கேள்வியைத் தாமதமாகவும் கேட்டதன் விலை அது. ஆய்வுக்கு எந்தக் கேள்வியைத் தருகிறோம் என்பதில் ஆற்றங்கரை விவசாயிக்கும் குரல் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

படித்தவர்கள் வெளியேறிவிடுகிறார்களே என்ற புகாரை நீட்டிக்க எனக்கு மனமில்லை. கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள் இங்கிலாந்துக்குச் சென்றார். 1950களில் திரும்பிவந்து இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைத்தார். திரும்ப ஓர் இடமும் வேலையும் இருந்தால் வருகிறவர்கள் உண்டு. இல்லாவிட்டால் வெளியேறியவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். கூலித் தொழிலாளியின் வரியைப் பற்றி முதலில் சொன்ன நியாயத்தை நான் கைவிடவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் அரசுக் கல்லூரிகள் கட்டணம் வாங்கட்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று தமிழ்நாட்டில் உள்ள திட்டங்கள் தொடரட்டும். ஆனால் இவையெல்லாம் வாசல் வரை கொண்டுபோய்விடும் செலவுகள். உள்ளே போன மாணவருக்குப் பாடம் நடத்த நிரந்தர ஆசிரியர் இல்லை, ஆய்வு மாணவரின் உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவை, ஆய்வகக் கருவியைப் பழுதுபார்க்க ஆளில்லை என்றால், வாசலைத் திறந்ததற்கு என்ன பொருள்? புதிய பல்கலைக்கழகத்துக்குக் கால்கோள் விழா நடத்துவது அரசியலுக்கு இனிப்பாக இருக்கிறது. இருக்கும் பல்கலைக்கழகத்தின் காலிப் பணியிடத்தை நிரப்புவதற்கு யாரும் மேடை போடுவதில்லை.

கடைசியாக, கால அளவு. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானும் அவருடைய குழுவும் செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தபோது, அடுத்தடுத்த மாதிரிகள் தோற்றன. பத்தாண்டுக்கு மேல் உழைத்த பிறகே 1990இல் ஒரு நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலையில் அது இன்றும் ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தப்படுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் சட்டமன்றமும், தந்த பணம் செலவான விதத்துக்கு ஆண்டுதோறும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும் நிதித்துறையும் அப்படிப்பட்ட வேலையைத் தாங்குமா? தாங்க வேண்டுமானால், மாநில ஆய்வு மானியத்தைப் பத்தாண்டு உறுதியோடு தர வேண்டும். நடுவில் வரும் தணிக்கை, என்ன வெற்றி கிடைத்தது என்று கேட்பதோடு, எதைச் சோதித்தார்கள், ஏன் கைவிட்டார்கள் என்று பதிவேட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும். மானியத்தில் ஒரு பகுதியை மாவட்ட மருத்துவமனைகளும் வேளாண் விரிவாக்க அலுவலர்களும் ஊராட்சிகளும் எழுதி அனுப்பும் கேள்விகளுக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்வதற்குப் பணக்கார மாநிலமாக வேண்டிய தேவையில்லை. ஓர் அரசாணை போதும், அதை அடுத்த அரசும் மதித்தால்.

வணக்கம்.