காசு கொடுத்து வாங்கிய பிரஷ் தொகுப்பை வகுப்புக் குழுவில் போடலாமா?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் நம் பேனர் கடையிலிருந்து பேசுகிறேன். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கிறேன். புலனத்தில் குரல் பதிவாக வந்தது. அனுப்பியவர் பக்கத்துத் தோட்டத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு டேப்லெட்டில் ஓவியம் சொல்லித்தரும் ஓர் ஆசிரியை. பிரஷ் என்று இங்கே சொல்வது தூரிகையை இல்லை, ஓவிய மென்பொருளில் கோடும் வடிவமும் போட உதவும் கோப்பை. அவர் கேட்டது இது:

“அண்ணே, 45 வெள்ளி கொடுத்து ஒரு கோலப் பிரஷ் தொகுப்பு வாங்கினேன். மொத்தம் 120 பிரஷ். வகுப்புப் புலனக் குழுவில் அப்படியே போட்டுவிட்டேன். குழுவில் 60 பேர். ஒரு பிள்ளையின் அப்பா, ‘இது தப்பு டீச்சர்’ என்று எழுதினார். நான் விற்கவில்லை, பாடத்துக்குத்தானே கொடுத்தேன், ஃபேர் டீலிங் என்று சட்டத்திலேயே இருக்கிறதே என்றேன். யார் சொன்னது சரி? இன்னொன்று, கித்தாக் காட்டுச் சாமான்களை வைத்து நானே ஒரு பிரஷ் தொகுப்பு வரைந்துகொண்டிருக்கிறேன். இலவசமாகக் கொடுக்க ஆசை. அதில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?”

டீச்சர், அந்த அப்பா சொன்னதுதான் சரி. உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் எல்லோராலும் 45 வெள்ளி கொடுக்க முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் குழுவிலிருந்து அந்தக் கோப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் 45 வெள்ளிக்கு வாங்கியது அந்தப் பிரஷ்களைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும்தான். பிரஷ்கள் இன்னும் வரைந்தவருடையவை. அந்த அனுமதிக்குப் பெயர் உரிமம், லைசன்ஸ். நீங்கள் இறக்கிய ஸிப் கோப்பைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் உள்ளே ஓர் எழுத்துக் கோப்பு இருக்கும், இல்லாவிட்டால் வாங்கிய பக்கத்திலேயே கீழே இருக்கும். நீங்கள் எனக்கு அனுப்பிய தொகுப்பின் நிபந்தனையை நான் படித்தேன். அந்தப் பிரஷ்ஷால் வரைந்த படத்தை விற்கலாம், அச்சடிக்கலாம், சட்டையில் போடலாம் என்று தாராளமாகத்தான் எழுதியிருக்கிறார். பிரஷ் கோப்பை மட்டும் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறார். பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே பேச்சுதான். நீங்கள் விற்கவில்லை என்பதால் இங்கே எதுவும் மாறவில்லை.

இப்போது ஃபேர் டீலிங்குக்கு வருவோம். தமிழில் நியாயமான கையாளல் என்று வைத்துக்கொள்ளலாம். இது நம் மலேசியச் சட்டத்தில் உண்மையாகவே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 13(2)(அ). ஆராய்ச்சி, சொந்தப் படிப்பு, விமர்சனம், மதிப்புரை, செய்தி ஆகியவற்றுக்காக ஒருவருடைய படைப்பை நியாயமான அளவில் கையாளலாம் என்கிறது. 2012-ல் சட்டத்தைத் திருத்தியபோது, இவை ‘உட்பட’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். அதற்கு முன் அது மூடிய பட்டியல். இப்போது வேறு நோக்கங்களுக்கும் வாசல் திறந்திருக்கிறது. அதோடு, நியாயமா இல்லையா என்று பார்க்க நான்கு விஷயங்களையும் அந்தத் திருத்தம் எழுதி வைத்தது. எதற்காக எடுத்தீர்கள், எடுத்தது என்ன மாதிரிப் படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், நீங்கள் எடுத்ததால் அதன் சந்தைக்கும் மதிப்பிற்கும் என்ன ஆகும்.

உங்கள் விஷயத்தை இந்த நான்கிலும் வைத்துப் பார்ப்போம். நோக்கம் கல்வி, லாபம் இல்லை, அந்த இடத்தில் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. இரண்டாவது, அது ஒருவர் கையால் உட்கார்ந்து வரைந்த கலைப் படைப்பு, விலைக்கு வைத்திருப்பது. மூன்றாவது, எவ்வளவு? 120-ம் போய்விட்டது. ஒன்று விடாமல். நான்காவதுதான் பெரிய அடி. குழுவில் இருக்கும் 60 பேரில் யாராவது நாளைக்கு அதை வாங்க நினைத்திருந்தால், இனி வாங்க வேண்டியதில்லை. பிரஷ் தொகுப்பு என்பதே மற்றவர்கள் வரைவதற்காக விற்கப்படும் பொருள். வரையக் கற்கிற பிள்ளைகள்தான் அதற்கு வாடிக்கையாளர்கள். அவர்கள் கையிலேயே முழுக் கோப்பையும் கொடுத்துவிட்டு, கல்விக்காக என்று சொன்னால் அது நிற்காது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். நியாயமான கையாளல் முன்கூட்டியே கிடைக்கும் அனுமதிச் சீட்டு மாதிரி கிடையாது. பிரச்சினை வந்து யாராவது கேட்கும்போது, நாம் நின்று சொல்ல வேண்டிய பதில் அது. முடிவு செய்வது நீதிமன்றம். வாங்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை வேறு தனியாக இருக்கிறது.

அப்படியென்றால் இந்தச் சட்டம் எங்கேதான் உதவும்? இதோ, இப்போது இந்தக் காணொளியிலேயே உதவுகிறது. அந்தத் தொகுப்பிலிருந்து இரண்டு பிரஷ்களை மட்டும் திரையில் போட்டு, கோடு எப்படி விழுகிறது, அழுத்தினால் எப்படித் தடிக்கிறது என்று காட்டுகிறேன் பாருங்கள். இது மதிப்புரை. தொகுப்பின் பெயரையும் வரைந்தவர் பெயரையும் கீழே போட்டிருக்கிறேன். பெயர் போடுவதை மரியாதைக்காகச் செய்வதாக நினைக்காதீர்கள், சட்டமே கேட்கிறது. அதேபோல் உங்கள் மாணவி ஒருத்தி தனக்குப் பிடித்த ஓவியரின் படத்தைப் பார்த்துப் பார்த்து வீட்டில் வரைந்து பழகினால், அது சொந்தப் படிப்பு. பயப்படாமல் பழகச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு தவறான பேச்சையும் சொல்லிவிடுகிறேன், கடைக்கு வருகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது சொல்கிறார்கள். “30 சதவீதம் மாற்றிவிட்டால் போதும் அண்ணே, நம்முடையது ஆகிவிடும்.” நம் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. அமெரிக்காவிலும் கிடையாது. அங்கே இருப்பது ஃபேர் யூஸ், அது அவர்கள் சட்டம். வெளிநாட்டுக் காணொளியில் கேட்டதை எடுத்து இங்கே வைத்துப் பேசாதீர்கள்.

சரி, கோலம் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறதே, அதற்கு ஒருவர் எப்படி உரிமை கொண்டாடலாம் என்று நீங்கள் குரல் பதிவின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. புள்ளி வைத்து இழுக்கும் முறைக்கும், பரம்பரையாக வரும் சிக்குக் கோலத்திற்கும் யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது. கருத்துக்கும் முறைக்கும் பதிப்புரிமை இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தக் கோலத்தைத் தன் கையால் வரைந்து, கோட்டின் தடிமனையும் வளைவையும் தன் பாணியில் அமைத்து ஒருவர் செய்த பிரஷ் அவருடையது. அதில் நமக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது டீச்சர். உங்கள் பிள்ளைகளின் வீட்டு வாசலில் தினமும் கோலம் விழுகிறது. ஆளுக்கு ஒரு கோலம் தாளில் போட்டுவரச் சொல்லுங்கள், படம் எடுத்து, கிரிட்டாவில் ஏற்றி, அவர்களே பிரஷ் ஆக்கட்டும். கிரிட்டா இலவச மென்பொருள், அதில் செய்தது முழுக்கச் செய்தவருக்கே சொந்தம். நான்கு சனிக்கிழமையில் வகுப்புக்கென்று ஒரு தொகுப்பு வந்துவிடும். 45 வெள்ளித் தொகுப்பைவிட அது எனக்குப் பெரிது. வெளியே கொடுப்பதற்கு முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளை வரைந்தாலும் உரிமை பிள்ளையுடையதுதான்.

சாமி படமும் இதே கதைதான், கோயில் பேனர் அடிக்கிற எனக்கு இது தினசரிப் பிரச்சினை. மலேசியாவில் ஓவியர் இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டு வரை உரிமை ஓடும். ரவிவர்மா 1906-ல் இறந்தார், அவர் ஓவியங்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு 1976-ல் இறந்தார். நாம் காலண்டரில் பார்த்து வளர்ந்த முருகனும் மீனாட்சியும் பலவும் அவர் பாணியில் வந்தவை. அவரை வைத்துக் கணக்குப் போட்டால் இங்கே 2026 முடிவு வரை போகிறது. இந்தியாவில் 60 ஆண்டு, அங்கே இன்னும் பத்து ஆண்டு கூடும். பழைய காலண்டர் படம் என்றாலே பொதுச் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இதைப் பேசத்தான் எனக்கு ஆசை. ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, பால் வாளி, வாளி தூக்கும் காண்டாக் கட்டை, வெட்டுக் கத்தி, கீறல் விழுந்த மரப்பட்டை என்று நீங்கள் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்தேன். என் அம்மா பால் மரம் வெட்டியவர். அந்த மங்கின் விளிம்பில் காய்ந்த பால் ஒட்டியிருப்பதைக்கூட வரைந்திருக்கிறீர்கள். இந்தச் சாமான்களைப் பார்க்காமலே வளரும் பிள்ளைகள் இப்போது தோட்டத்திலேயே இருக்கிறார்கள், சுற்றிலும் செம்பனை ஆகிவிட்டது. அதனால் இது நாலு பேர் கைக்குப் போக வேண்டும், சரியான முறையில் போக வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஓர் அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் தோரணம், வாழைமரம், குத்துவிளக்கு என்று 40 படங்கள் வரைந்து டெலிகிராமில் இலவசமாகப் போட்டேன். ஒரு வரி நிபந்தனைகூட எழுதவில்லை, பெயரும் போடவில்லை. எல்லோரும் நம்மவர்கள்தானே என்று நினைத்தேன். ஓராண்டு கழித்து ஒரு வாடிக்கையாளர் பென்டிரைவில் ஒரு பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார், இணையத்தில் காசு கொடுத்து வாங்கியதாம். திறந்தால் என் குத்துவிளக்கு. விற்றவருக்கு எழுதினேன். “இலவசமாகக் கிடந்தது, எடுத்தோம்” என்றார். சட்டப்படி பதிவு செய்யாவிட்டாலும் வரைந்த நிமிடத்திலேயே உரிமை நமக்கு வந்துவிடும், எதுவும் எழுதாவிட்டால் எல்லா உரிமையும் நம்மிடமே இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் அதை நிரூபிக்க, லேயரோடு இருந்த மூலக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் என் படங்களை விற்பனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த இரண்டு மாதமும் நான் ஒன்றும் வரையவில்லை, மனசு வரவில்லை.

அதனால் மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். கூடுதல் சாட்சி வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில், அதாவது மைஐபிஓவில், விருப்பப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டாயம் இல்லை.

உரிமத்துக்கு நீங்களே வாசகம் எழுதிச் சிரமப்பட வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று ஓர் அமைப்பு 2002-லிருந்து ஆயத்த உரிமங்கள் தருகிறது, இப்போது நடப்பில் இருப்பது 4.0. நான்கு துண்டுகள்தான். ‘பை’ என்றால் பெயர் போட வேண்டும். ‘என்சி’ என்றால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. ‘என்டி’ என்றால் மாற்றியதைப் பகிரக் கூடாது. ‘எஸ்ஏ’ என்றால் மாற்றியதை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இவை தவிர சிசி ஜீரோ, எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பது.

பிரஷ்ஷுக்கு என்டி வேண்டாம். பிரஷ்ஷைத் திருத்தித் தன் கைக்கு ஏற்றபடி மாற்றாமல் யாரும் வரைவதில்லை, அந்தத் திருத்தத்தை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாமல் போகும். என்சி போட வேண்டும் என்று தோன்றும், எனக்கும் முதலில் தோன்றியது. யோசித்துப் பாருங்கள், நம் ஊர் அக்கா ஒருவர் அந்த மங்குப் படத்தைத் துணிப்பையில் அச்சடித்து திருவிழாவில் விற்றால் நீங்கள் தடுப்பீர்களா? தடுக்க மாட்டீர்கள் என்றால் என்சி வேண்டாம். என் யோசனை சிசி பை 4.0. யாரும் எடுக்கலாம், விற்பவர்கூட எடுக்கலாம், ஆனால் உங்கள் பெயர் கூடவே போக வேண்டும். ஒருமுறை கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் ஒரு வாரம் யோசித்து முடிவு செய்யுங்கள், அவசரம் இல்லை.

அப்புறம் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு, ஸிப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே எங்கோ எழுதினால் இரண்டு பேர் கை மாறியதும் தொலைந்துவிடும். தொகுப்பின் பெயர், உங்கள் பெயர், முதலில் வெளியிட்ட இணைய முகவரி, உரிமத்தின் பெயரும் அதன் இணைப்பும். நான்கு வரி போதும். தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள்.

தொகுப்பின் அட்டைப் படத்தில் தமிழ் எழுத்துரு போடுவீர்கள் அல்லவா, அதிலும் கவனம். நோட்டோ தமிழ் போன்றவை ஓப்பன் ஃபாண்ட் லைசன்ஸில் வருகின்றன. அவற்றை வைத்து எதையும் அச்சடிக்கலாம், உரிமக் கோப்போடு சேர்த்துப் பிறருக்கும் கொடுக்கலாம், தனியாக விற்க மட்டும் கூடாது. ‘சொந்தப் பயனுக்கு மட்டும்’ என்று வரும் எழுத்துருக்களைத் தொடாதீர்கள்.

கடைசியாக, குழுவில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். கோப்பை நீக்கிவிட்டு அதை விற்கும் பக்கத்தின் இணைப்பைப் போடுங்கள், ஏற்கனவே இறக்கியவர்களை அழிக்கச் சொல்லுங்கள். அந்த அப்பாவுக்கும் நன்றி சொல்லுங்கள். பிறகு வரைந்தவருக்கே ஒரு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள், தோட்டத்துப் பிள்ளைகளின் வகுப்பு, இத்தனை பேர், இத்தனை மாதம் என்று. வகுப்புக்கென்று குறைந்த விலை கேட்டால் பலர் கொடுக்கிறார்கள், சிலர் சும்மாவே அனுமதிக்கிறார்கள். பதில் எழுத்தில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கித்தாக் காட்டுத் தொகுப்பு தயாரானதும் எனக்கும் முகவரி அனுப்புங்கள் டீச்சர், அந்த மங்கை என் கடை வாசல் பேனரில் உங்கள் பெயரோடு போட வேண்டும்.