பிடித்த சிறுத்தையை எங்கே விடுவது?

அவையோருக்கு வணக்கம்.

ஊருக்குள் சிறுத்தை நடமாட்டம் என்ற சேதி பரவினால் முதலில் எழும் குரல், "கூண்டு வையுங்கள், பிடித்துக் காட்டில் விடுங்கள்" என்பதுதான். பிள்ளை பெற்றவர்கள் அப்படிக் கேட்பது இயல்பு. ஆனால் அப்படியே பிடித்துக் காட்டில் விட்ட ஒரு பகுதியில் பிறகு என்ன நடந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

மகாராஷ்டிரத்தில், புனே மாவட்டத்தின் வடபகுதியில் இருக்கிறது ஜுன்னர். பாசனம் வந்த பிறகு அங்கே எங்கும் கரும்பு. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, ஏறக்குறைய ஓராண்டு வெட்டாமல் நிற்கும் கரும்புக்குள் சிறுத்தைக்கு மறைவு உண்டு, தண்ணீர் உண்டு. வரப்பைத் தாண்டினால் நாயும் ஆடும் கோழியும். பல சிறுத்தைகள் கரும்புக்குள்ளேயே பிறந்து, அங்கேயே குட்டி போடுகின்றன. அவற்றைப் பார்த்து "காட்டிலிருந்து வழி தவறி வந்தது" என்று சொல்வதில் பொருளில்லை.

1993 முதல் 2001 வரை ஜுன்னர் வனக்கோட்டத்தில் மனிதர் மீது ஆண்டுக்குச் சராசரியாக 4 தாக்குதல்கள் நடந்தன. 2001 பிப்ரவரியில் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து, தொலைவிலுள்ள காடுகளில் விடும் திட்டம் தொடங்கியது. அதன்பின் ஆண்டுச் சராசரி 17 ஆனது. வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் வனத்துறைப் பதிவேடுகளைப் புரட்டியும், பிடிபட்ட விலங்குகளை அடையாளம் காண மைக்ரோசிப் பொருத்தியும் ஆராய்ந்தபோது, சிறுத்தைகளை விட்ட இடங்களுக்கு அருகில்தான் தாக்குதலும் சாவும் மிகுதி என்று தெரிந்தது.

ஏன் இப்படி ஆகிறது? ஆட்டைக் கட்டிவைத்த கூண்டுக்குள் நுழைவது, அந்த வழியே வந்த ஏதோ ஒரு சிறுத்தை. ஆளைத் தாக்கிய அதே விலங்குதான் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. உடம்பிலுள்ள பூ வடிவப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒரே சிறுத்தையின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒத்திருக்காது. தானியங்கிக் கேமரா படத்தோடு அவற்றை ஒப்பிடாமல் "ஆட்கொல்லி பிடிபட்டது" என்று அறிவிப்பது வெறும் ஊகம். கூண்டில் அடைபட்டது கம்பியைக் கடித்துக் கோரைப்பல்லை உடைத்துக்கொள்கிறது. காலியான இடத்துக்கு எல்லை தேடி அலையும் இளம் சிறுத்தை வந்து சேர்கிறது. புதுக் காட்டில் விடப்பட்டதோ, ஏற்கெனவே வேறு சிறுத்தைகள் ஆளும் மண்ணில், தண்ணீரும் இரையும் எங்கே என்று தெரியாமல் தவிக்கிறது. பெரும்பாலும் அங்கே தங்குவதே இல்லை. 2009-இல் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்டு, இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை அணிவித்து மால்ஷேஜ் கணவாயில் விடப்பட்ட ஆண் சிறுத்தை, நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நடந்து மும்பைப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சிறுத்தை இருக்கிறது. தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஆணையில்லாமல் கூண்டு வைக்க முடியாது. 2011-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படி இடம்மாற்றி விடுவதை ஊக்குவிக்கவில்லை. திரும்பத் திரும்ப மனிதரைத் தாக்குவது இந்தச் சிறுத்தைதான் என்று உறுதியானால், அதைப் பிடித்து நிரந்தரமாக அடைத்து வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதில் தயக்கம் கூடாது. ஆனால் இன்னொரு ஊரின் தலையில் கட்டக் கூடாது.

ஜுன்னரில் அண்மை ஆண்டுகளில் மீண்டும் உயிர்கள் போயிருக்கின்றன. கூண்டு கேட்கும் குரலும் திரும்பியிருக்கிறது. அதனால் கூண்டுக்கு மாற்றாக, ஆடு அடைக்கும் பட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜுன்னரை ஒட்டிய அகோலேயில் சிறுத்தைகளின் மலத்தை ஆராய்ந்தார்கள். தின்ற இரையின் எடையில் 87 சதவீதம் வளர்ப்புப் பிராணிகள். நாய் மட்டும் 39 சதவீதம். நாய்களைப் போல் ஏழு மடங்கு ஆடுகள் அங்கே இருந்தும், ஆட்டின் பங்கு வெறும் 11 சதவீதம். நாய் இரவில் தெருவில் அலைகிறது. ஆடு அடைபட்டுக் கிடக்கிறது. அடைப்பு நன்றாக இருந்தால் ஆடு பிழைக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பட்டியில் எது தவறுகிறது என்றால், பெரும்பாலும் கூரை. சுவரை எவ்வளவு உயர்த்தினாலும் மேலே திறந்திருந்தால் சிறுத்தை ஏறி உள்ளே குதித்துவிடும். வெளியேற வழி தெரியாமல், மிரண்டு ஓடும் ஆடுகளையெல்லாம் அடித்துப் போடும். ஆகவே மேலேயும் கம்பிவலை வேண்டும். வலைக்கண்ணில் சிறுத்தையின் பாதம் நுழையக் கூடாது. கதவுக்கு அடியில் இடைவெளி விடக் கூடாது. கயிற்றால் கட்டிய படல் போதாது, இரும்புக் கொண்டி வேண்டும். அப்படியும் ஆடு போய்விட்டால், செத்த உடலில் விஷம் வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். இழப்பீடு சில நாட்களுக்குள் கைக்கு வந்தால் அந்த எண்ணமே எழாது.

கரும்பு வெட்டும் காலத்தில் குட்டிகள் கண்ணில் படும். தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று தூக்கிச் செல்வதுதான் பெரிய ஆபத்து. குட்டியைத் தேடும் தாய் அதே வயலைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் வெட்டுவதை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவர் பார்த்த பிறகு, பொழுது சாயும்முன் குட்டிகளை ஒரு பெட்டியில் போட்டு, எடுத்த அதே இடத்தில் வைக்கிறார்கள். தாய் எளிதாகத் தள்ளிவிடும்படி மூடி இலேசாக இருக்க வேண்டும். கேமராவைப் பொருத்திவிட்டு ஆட்கள் விலகிவிட வேண்டும். பெரும்பாலும் இரவிலேயே தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். வராவிட்டால் மறுநாளும் வைக்க வேண்டும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் நின்றால் தாய் அண்டாது.

நம்மூர் வால்பாறையில் கரும்புக்குப் பதில் தேயிலை. துண்டு துண்டான சோலைகள், சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம். அந்தி நேரத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் விளையாடும் சிறு பிள்ளைகளுக்கே அங்கு ஆபத்து அதிகம். உயரம் குறைந்த உருவமோ, குனிந்து உட்கார்ந்த ஆளோ சிறுத்தையின் கண்ணுக்கு இரைபோலத் தோன்றலாம். லைன் வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுவது, இறைச்சிக் கழிவைப் பின்புறம் கொட்டாமலிருப்பது, கழிப்பறைக்கும் கடைக்கும் போகும் பாதையில் விளக்குப் போடுவது, இவை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஜார்க்கண்ட், அசாமிலிருந்து குடும்பத்தோடு வேலைக்கு வருபவர்களுக்கு இந்த மலை புதிது. தமிழில் மட்டும் எச்சரிக்கைப் பலகை வைத்தால் அவர்களுக்கு எப்படிப் புரியும்? இந்தியிலும் வைக்க வேண்டும்; வந்து சேரும் முதல் நாளே நேரில் சொல்லவும் வேண்டும்.

ஜுன்னர் விவசாயிகள் நெடுநாளாகக் கேட்பது இன்னொன்று: பம்புசெட்டுக்குப் பகலில் மின்சாரம். இரவில் மின்சாரம் வந்தால், இருட்டில் கரும்புக்குள் தனியாக நின்று மடை திருப்பியாக வேண்டும். சிறுத்தை நடமாடும் நேரமும் அதுதான். கூண்டு வாங்கும் பணத்தை முதலில் அந்தக் கோரிக்கைக்குச் செலவிடுங்கள் என்று அரசிடம் கேட்பேன்.