அழிக்கக் கூடாத கணக்கு

(பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே வருவதற்கு முன்னால் வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். மூன்று அப்பாக்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ‘கவுன்சலிங்ல சிஎஸ்இ கிடைக்கலைங்க, சிஎஸ்பிஎஸ்தான் கிடைச்சுது. பரவாயில்லைங்களா?’

சிஎஸ்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ் என்பது டிசிஎஸ் என்ற மென்பொருள் நிறுவனம் முன்னின்று பாடத்திட்டம் வகுத்துக் கொடுத்த நான்கு ஆண்டுப் படிப்பு. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் எல்லாம் சிஎஸ்இ என்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங் படிப்பைப் போலவே இதிலும் உண்டு. கூடவே பொருளியல், நிதி மேலாண்மை, மார்க்கெட்டிங், ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் என்று சில பாடங்கள். டிசிஎஸ் பெயர் இருப்பதால் அங்கேயே வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாடத்திட்டம் தருவது வேறு, வேலை தருவது வேறு.

எனக்குக் கவலை வேறொன்றில். அடுத்த மாதம் சீனியர் ஒருவர் உங்களிடம் வந்து, ‘கோடிங் பேப்பரை மட்டும் ஒழுங்கா படி, பிசினஸ் பேப்பரையெல்லாம் பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்துக்கலாம்’ என்பார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

வேலைக்கு வந்த இரண்டாவது வருடம் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்குக் கணக்கு மென்பொருள் எழுதினேன். விவசாயி மூட்டைகளோடு வருவார். விரலி தனி, கிழங்கு தனி. எடை போட்டு, விலை படிந்ததும், இறக்குக்கூலியும் ஏற்கெனவே வாங்கிய முன்பணமும் கழித்து மீதியைக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். தப்பாகப் பதிந்தால் திருத்த வேண்டுமே என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பாக ஒரு டெலிட் பட்டனும் வைத்தேன்.

கணக்குப்பிள்ளை அறுபதைத் தாண்டியவர். திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

‘இந்தச் செவப்புப் பட்டன் எதுக்குங்க தம்பி?’

‘தப்பாப் போட்டுட்டா அழிச்சுக்கலாங்க அய்யா.’

‘அழிக்கப்படாதுங்க. எழுதினது எழுதினதுதான். தப்புன்னா எதிர்ப்பதிவு போட்டு நேர் பண்ணோணும்.’

பேரேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். எட்டு மூட்டை என்று எழுத வேண்டிய இடத்தில் பதினெட்டு என்று விழுந்திருந்தது. அந்த வரி அப்படியே இருந்தது. இரண்டு வரி கீழே, பத்து மூட்டைக்கான தொகை எதிர்ப்பக்கம் ஏறியிருந்தது. ஓரத்தில் காரணம், தேதி, அவர் கையெழுத்து. ஆறு மாதம் கழித்து அந்த விவசாயி வந்து ‘என் கணக்குல ஏதோ மாத்திட்டீங்களாமே’ என்று கேட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிடலாம். என் பட்டனை அமுக்கியிருந்தால் காட்ட ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

பட்டனை எடுத்தால் மட்டும் போதவில்லை, டேபிள்களையே மறுபடி வடிவமைக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் போயிற்று. அந்த நாட்களில்தான் எனக்கு உறைத்தது. நடந்த எதையும் அழிக்காமல் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதிந்துகொண்டே போவது டேட்டாபேஸ்களுக்குள்ளும் இருக்கிறது. லாக் என்போம். கரண்ட் போய் சர்வர் பாதியில் நின்றால், அதை வைத்துத்தான் கணக்கை மீட்கிறோம். கல்லூரியில் அதைப் படித்து நல்ல மார்க்கும் வாங்கியவன் நான். ஆனால் பற்றும் வரவும் எப்படி எழுதுகிறார்கள் என்று ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

அய்யா சொன்னதை ஒட்டி இன்று சட்டமே வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைத்தாக வேண்டும். அந்தப் பதிவை நிறுத்தி வைக்கிற வசதி இருக்கக் கூடாது. இதை நிரலாக எழுதப்போவது உங்களைப் போன்றவர்கள்தான்.

கணினி, வணிகம் இரண்டையும் படித்தவர் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் டான் பிரிக்லின். எம்.ஐ.டி.யில் கணினி படித்து, புரோகிராமராக வேலை பார்த்துவிட்டு, ஹார்வர்டில் எம்.பி.ஏ. சேர்ந்தார். 1978-இல் அங்கே ஒரு வகுப்பு. பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் கட்டமாக எண்களை நிரப்புகிறார். ஒரு எண் மாறினால் அதை நம்பியிருக்கும் மற்ற கட்டங்களையும் அழித்து, கணக்குப் போட்டு, மறுபடி எழுத வேண்டும். இந்தப் பலகை தானே கணக்குப் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பிரிக்லினுக்குத் தோன்றியது. நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து உழைத்து, 1979-இல் விசிகால்க் வெளிவந்தது. அந்த ஒரு மென்பொருளுக்காகவே ஆப்பிள் 2 கணினியை வாங்கியவர்கள் ஏராளம். உங்கள் அப்பா கடையில் திறந்து வைத்திருக்கும் எக்செல் அதன் வழியில் வந்ததுதான். எம்.பி.ஏ. வகுப்பில் உட்காராமல் இருந்திருந்தால் அந்தப் பலகையை அவர் பார்த்தே இருக்க மாட்டார்.

அதனால் நிதி மேலாண்மை வகுப்பில் பின்பெஞ்சுக்குப் போகாதீர்கள். உங்களில் பலர் வீட்டில் மளிகைக் கடையோ, தறியோ, மெடிக்கல் ஷாப்போ இருக்கும். இல்லாவிட்டால் தெரிந்தவர் கடை இருக்கும். முதல் செமஸ்டர் லீவில் ஒரு நாள் சாயங்காலம் அங்கே போய் உட்காருங்கள். கல்லாப் பணமும் ஏட்டுத் தொகையும் நாற்பது ரூபாய் இடித்தால், அவர்கள் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள், யாரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். லேப்டாப் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

சரி, இப்போது நீங்கள் கேளுங்கள். வாசலில் கேட்ட அப்பாக்கள் முதலில் கேட்கட்டும்.